ரெடி எஞ்சினா, சொந்தமாகக் கட்டுவதா? அப்பாவின் ஆர்.எக்ஸ். 100-க்கு ஒரு யோசனை

மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். வயது 26. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, கப்பலூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். வீட்டில் அப்பா 1992-இல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100 நிற்கிறது, டி.என். 59 பதிவு. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய தேதி 2027-இல் வருகிறது. போன கோடையில் மேலூர் போய்த் திரும்பும்போது பிஸ்டன் சீஸ் ஆகி (சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டு), அன்றிலிருந்து வண்டி தொழுவத்தில் கிடக்கிறது.

அவர் முன்னால் இரண்டு வழி. வெளியூர் விற்பனையாளர் ஒருவர் வீடியோ போட்டு விற்கும் 'ஸ்டேஜ் 2' எஞ்சின்: 135 பிளாக் (ஆர்.எக்ஸ். 135 வண்டியின் சிலிண்டர்), போர்ட்டிங் (சிலிண்டரில் வாயு போய்வரும் துளைகளைக் குடைந்து மாற்றுவது) செய்தது, பெரிய கார்புரேட்டர், எக்ஸ்பான்ஷன் சைலன்சர் (நடுவில் உப்பிய ரேஸ் சைலன்சர்), ஆறு மாத வாரண்டி, விலை 48,000 ரூபாய். '18 ஹெச்.பி., 9,500 ஆர்.பி.எம். வரை இழுக்கும்' என்கிறார். நம் வாசகர் 5,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பியும் விட்டார். இரண்டாவது வழி, அதே சாமான்களை வாங்கி, மாமாவுக்குத் தெரிந்த லேத் பட்டறையில் வேலை வாங்கி, 25,000 ரூபாய்க்குள் தானே கட்டுவது. 'அதே ஆர்.எக்ஸ். குடும்பம்தானே, இன்சூரன்ஸ் பிரிமியமும் ஒன்றுதான், அதனால் ஆர்.டி.ஓ.வில் எதுவும் சொல்லத் தேவையில்லை' என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். அப்பாவோ, 'கம்பெனி எஞ்சின் எப்படி இருந்ததோ அப்படியே செய், இல்லையென்றால் தொடாதே' என்கிறார். 'யார் சொல்வது சரி சார்?' என்று முடித்திருக்கிறார்.

தம்பிக்கு,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 48,000 ரூபாய் எஞ்சினை வாங்காதீர்கள். நீங்கள் போட்ட 25,000 ரூபாய் திட்டப்படி கட்டவும் வேண்டாம். உங்கள் அப்பாவின் எஞ்சினையே பிரித்து, சில வேலைகளை மட்டும் அதற்கான கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்து, மற்றதை நீங்களே செய்யுங்கள். நான் விபத்து வண்டிகளுக்கு இழப்பீடு மதிப்பிடும் சர்வேயர். அடிபட்ட வண்டியில் எஞ்சின் நம்பரை டார்ச் அடித்துத் தேடுவது என் அன்றாட வேலை. அதனால் இதை எஞ்சின் விஷயமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

எஞ்சின் நம்பர் எங்கே இருக்கிறது?

அது கிராங்க் கேஸில், அதாவது எஞ்சினின் அடிக்கூட்டில், பொறிக்கப்பட்டிருக்கிறது. ஹெட், பிளாக், பிஸ்டன் எல்லாம் மாறலாம். அவை தேய்மானச் சாமான்கள். கேஸ் மாறினால், சட்டத்தின் கண்ணில் எஞ்சினே மாறிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். ஆர்.சி.யில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. எஞ்சினை மாற்றுவதென்றால் பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு போய்ச் சொல்ல வேண்டும். 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. தயாரிப்பாளரின் விவரத்தை மீறி வண்டியை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரை ஒரே பிரிவு. 98 சி.சி.யும் 132 சி.சி.யும் அதற்குள்தான் வருகின்றன, பிரிமியம் மாறாது. ஆனால் பிரிமியம் வேறு, பதிவு வேறு. ஆர்.சி.யில் கன அளவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 98 என்று இருக்க, வண்டியில் 132 ஓடினால் அது தவறான விவரம்தான். கேஸ் உங்களுடையதாகவே இருந்தாலும் 135 பிளாக் போட்டால் இந்தச் சிக்கல் தீராது. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

2027-இல் புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் பார்ப்பார். நம்பர் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அன்று கேஸ் நம்பர் வேறாக இருந்தால், முப்பது வருடம் ஒரே கையில் இருந்த வண்டி, பேப்பர் இல்லாத வண்டியாகிவிடும். 'பழைய நம்பரை அடித்துத் தருகிறேன்' என்று சொல்லும் ஆட்கள் உண்டு. அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். நம்பரை அழித்துப் பொறிப்பது திருட்டு வண்டிக்காரர்கள் செய்யும் வேலை. போலீஸ் உங்களையும் அந்த வரிசையில்தான் நிற்க வைக்கும்.

திருட்டு என்றதும் இன்னொன்று. வெளியூர் விற்பனையாளரிடம் இருக்கும் அந்தக் கேஸ் எந்த வண்டியிலிருந்து வந்தது? ஆர்.எக்ஸ். வண்டிக்கு இன்று இருக்கும் மவுசுக்கு, இரவோடு இரவாகக் காணாமல் போகும் வண்டிகள் உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தோ நேர்மையற்று வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. நீங்கள் நல்ல மனதோடுதான் வாங்கியிருப்பீர்கள். ஆனால் அதை நிரூபிக்கக் கையில் பில் வேண்டும், பழைய ஆர்.சி. நகல் வேண்டும், அதில் அதே எஞ்சின் நம்பர் இருக்க வேண்டும். வீடியோவில் சைலன்சர் சத்தம் மட்டும்தான் இருக்கிறது.

18 குதிரை எங்கிருந்து வருகிறது?

நீங்கள் மெக்கானிக்கல் படித்தவர், அதனால் கணக்காகவே பேசலாம். ஆர்.எக்ஸ். 100 எஞ்சினுக்கு போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ. கம்பெனி சொன்ன சக்தி 7,500 ஆர்.பி.எம்.மில் 11 குதிரை. 135-க்கு ஸ்ட்ரோக் அதேதான், போர் மட்டும் 58. கன அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது, கம்பெனி சொன்ன சக்தி சுமார் 14. அங்கிருந்து 18-க்குப் போக வேண்டுமென்றால் எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்தி, எஞ்சினை மேல் ஆர்.பி.எம்.மில் உயிர் பெறச் செய்ய வேண்டும். அப்போது கீழே இருந்த இழுவை போய்விடும். சிம்மக்கல்லிலும் யானைக்கல்லிலும் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போது வண்டி திணறும், பிளக் கருக்கும். ஆர்.எக்ஸ். 100-ஐ ஊர் கொண்டாடியதே அந்தக் கீழ் இழுவைக்காகத்தான். அதை விற்று நத்தம் மேம்பாலத்தில் சில நொடி சீற்றத்தை வாங்குகிறோம் என்பது என் அபிப்பிராயம். உங்கள் வயதில் அது பெரிதாகப் படலாம், மறுக்கவில்லை.

9,500 என்கிறார். பிஸ்டன் மேலும் கீழும் திரும்பும்போது அதைக் கிராங்கோடு இணைக்கும் ராடில் விழும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். 7,500-லிருந்து 9,500-க்குப் போனால் அந்த விசை 1.6 மடங்கு. அதே கிராங்க் பின், அதே பிக் எண்ட் பேரிங் அதைத் தாங்க வேண்டும். அவர் அனுப்பிய பட்டியலில் பிளாக் இருக்கிறது, கார்புரேட்டர் இருக்கிறது, சைலன்சர் இருக்கிறது. கிராங்க் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்தேன். இல்லை.

டைனோ ஷீட் (எஞ்சின் சக்தியை இயந்திரத்தில் அளந்து தரும் தாள்) கேளுங்கள். அது இல்லாமல் சொல்லும் குதிரைக் கணக்கெல்லாம் வாய்க்கணக்குதான். இன்னொன்று, இந்த வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். எடை நூறு கிலோவை ஒட்டித்தான். எஞ்சின் மட்டும் கூடி பிரேக் அப்படியே இருக்கும் வண்டிகளை நான் பார்ப்பது பெரும்பாலும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த பிறகு.

ரெடி எஞ்சின் வாங்குபவர் கேட்க வேண்டியவை

ரெடி எஞ்சின் என்றாலே மோசம் என்று சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்பவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காண்பது எளிது, அளவை எழுதித் தருவார்கள். பிஸ்டனுக்கும் போருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விட்டார்கள், ரிங் கேப் எவ்வளவு, கிராங்கை சென்டரில் வைத்து டயல் கேஜில் பார்த்தபோது ரன்-அவுட் (சுற்றும்போது தெரியும் கோணல்) எத்தனை என்று மி.மீ.யில் பில்லோடு ஒரு தாள் கொடுப்பார்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் போல் இல்லை இது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே பெட்ரோல் கலவையை உறிஞ்சித் தள்ளும் பம்பு. ஆயில் சீல் ஓரத்தில் ஊசிமுனை அளவு காற்று நுழைந்தாலும் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே லீக் டெஸ்ட் செய்தீர்களா என்று கேட்க வேண்டும். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் அடைத்து, சுமார் ஆறு பி.எஸ்.ஐ. காற்று ஏற்றி, ஐந்தாறு நிமிடம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். கேட்டதும் 'அதெல்லாம் ரேஸ் டீம் செய்வது தம்பி' என்று பதில் வந்தால், ரேஸ் எஞ்சின் விலையை மட்டும் ஏன் கேட்கிறார் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.

அந்த ஆறு மாத வாரண்டி எதற்கு என்று அவர் அனுப்பிய மெசேஜில் தெளிவாக இல்லை. போர்ட்டிங் செய்த எஞ்சின் சீஸ் ஆனால், 'ஆயில் குறைத்து ஊற்றினீர்கள், ஜெட்டை மாற்றினீர்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். வாரண்டி எதை மூடும், கூரியர் செலவு யாருடையது, பிரித்துப் பார்க்கும்போது நீங்கள் உடன் இருக்கலாமா என்பது எழுத்தில் இல்லையென்றால் வாரண்டி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் 5,000 ரூபாய் திரும்ப வருமா என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். எஞ்சின் நம்பர் உள்ள ஆர்.சி. நகலும் ஜி.எஸ்.டி. பில்லும் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். தர முடியாது என்றால், அதையே காரணம் காட்டி ஆர்டரை ரத்து செய்து பணத்தைக் கேளுங்கள். போனில் பேசாதீர்கள், வாட்ஸ்அப்பிலேயே கேளுங்கள். பணம் அனுப்பிய விவரத்தையும் அந்த வீடியோவையும் சேமித்து வையுங்கள், அவர் நாளை நீக்கிவிடலாம். சொந்த உபயோகத்துக்கு வாங்குவதால் நீங்கள் நுகர்வோர். 2019 நுகர்வோர் சட்டப்படி, விற்பவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது மதுரை மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள், பல தகராறு அங்கேயே முடிகிறது. 5,000 ரூபாய்க்காக அலைவதா என்று தோன்றினால் அதுவும் நியாயமான கணக்குதான். ஆனால் 'அட்வான்ஸ் போய்விடுமே' என்ற ஒரே காரணத்துக்காக மிச்சம் 43,000-ஐ அனுப்பிவிடாதீர்கள்.

சொந்தமாகக் கட்டினால் பாதி விலையா?

உங்கள் பட்டியலைப் பார்த்தேன். கண்ணில் தெரியும் சாமான் எல்லாம் இருக்கிறது. உள்ளே கிடப்பது எதுவும் இல்லை. கனெக்டிங் ராடு கிட், இரண்டு பக்கத்து மெயின் பேரிங், ஆயில் சீல்கள், கேஸ்கெட் செட், கிளட்ச் பிளேட், கிக்கர் சாமான், மேக்னட் புல்லர், கிளட்ச் பிடிக்கும் கருவி, கிராங்க் பிரஸ் கூலி. இவற்றில் எதையும் விட முடியாது. சீஸ் ஆகி ஒரு வருடம் தொழுவத்தில் கிடந்த எஞ்சினில் பேரிங் துரு ஏறாமல் இருக்குமா? சாமான் விஷயத்தில் பெரிய தொல்லை இன்னொன்று. ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. கம்பெனி கவரில் டூப்ளிகேட் ஏராளம். கவரைப் பார்த்து வாங்காதீர்கள். பிஸ்டனை வெர்னியர், மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பார்த்து, போர் செய்பவர் கையில் பிஸ்டனைக் கொடுத்த பிறகுதான் போர் செய்யச் சொல்ல வேண்டும். முதலில் போர் செய்துவிட்டு பிஸ்டன் தேடுவது செருப்பு வாங்கிவிட்டுக் காலைச் செதுக்குவது மாதிரி.

இதையெல்லாம் சேர்த்தால் உங்கள் 25,000 போதாது. பாதி அளவு கூடும் என்று வைத்துக்கொண்டு இறங்குங்கள். ரெடி எஞ்சினுக்கும் இதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் நிற்காது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், கேஸ் நம்பர் அப்பாவுடையதாகவே இருக்கும். கட்டுவதில் உள்ள லாபம் எனக்குத் தெரிந்து இந்த இரண்டும்தான்.

135 பிளாக் உட்கார கேஸின் வாயைக் கடைய வேண்டும் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அப்பாவின் நம்பர் இருக்கும் கேஸில் கை வைத்தால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் செய்வது

எஞ்சினை நீங்களே இறக்குங்கள், பிரியுங்கள். டிப்ளமோ படித்த கைக்கு அது முடியும். ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுத்து, நட்டு போல்ட்டைக் கவரில் போட்டுப் பேர் எழுதி வையுங்கள். ஏன் சீஸ் ஆனது என்று பிஸ்டனைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். சுற்றிலும் கோடு விழுந்ததா, எக்ஸாஸ்ட் பக்கம் மட்டுமா, தலையில் ஓட்டை தெரிகிறதா, ஆயில் பம்பின் குழாயில் காற்றுக் குமிழி இருக்கிறதா? காரணம் தெரியாமல் கட்டினால் அடுத்த கோடையிலும் அதே மேலூர் ரோட்டில் நிற்பீர்கள்.

கிராங்கைப் பிரஸ் போட்டு ராடு மாற்றி, டயல் கேஜில் நேர் செய்வதை வீட்டில் செய்ய முடியாது. சுத்தியலால் தட்டி நேர் செய்யும் பட்டறைக்கும் போகாதீர்கள். மாமாவின் லேத் நண்பரிடம் முதலில் கேட்க வேண்டியது, கிராங்கை எதில் வைத்து, எதை வைத்து அளப்பார் என்பதுதான். டயல் கேஜை எடுத்துக் காட்டினால் கொடுங்கள். போரை 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸுக்குக் கொண்டுபோய், பிஸ்டன் கம்பெனி சொன்ன இடைவெளியில், ஹோனிங் (உட்சுவரை மெல்லத் தேய்த்துச் சீராக்குவது) செய்து வாங்குங்கள். போர்ட்டின் ஓரங்களை அவர் லேசாக மழிக்க வேண்டும், இல்லையென்றால் ரிங் தட்டும். எஞ்சினைத் திரும்பக் கூட்டுவது உங்கள் வேலை. கூட்டியதும் காற்று ஏற்றி லீக் பாருங்கள். டயர் கேஜும் சைக்கிள் பம்பும் வைத்து அதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொள்வது உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது.

இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். உங்கள் வண்டி அதற்காகச் செய்தது அல்ல. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் அதே ஜெட்டில் கலவை மெலியும், பழைய ரப்பர் குழாயும் கார்புரேட்டர் ஓ-ரிங்கும் ஊறிப் போகும். குழாய், ஓ-ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக வைத்து ஆரம்பித்து, பிளக்கின் நிறத்தைப் பார்த்துக் குறைத்து வாருங்கள். மெலிந்த பக்கமிருந்து ஆரம்பிக்கக் கூடாது, சித்திரை வெயிலில் பாடம் விலை அதிகம். வண்டி மாதக்கணக்கில் நிற்பதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து வையுங்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும். புது பிஸ்டன் பழகும் ரன்னிங் இன் முடியும்வரை ஆயில் பம்பை மட்டும் நம்பாமல் லிட்டருக்கு 40 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்து ஊற்றுங்கள். புகை கொஞ்சம் வரும், பரவாயில்லை.

98 சி.சி.யிலேயே 'பெர்ஃபார்மன்ஸ்' வேண்டுமென்றால் வழி இருக்கிறது. கேஸுக்கும் பிளாக்குக்கும் இடையே, கலவை மேலேறும் டிரான்ஸ்பர் வாயில் படிக்கட்டு போல நிற்கும் ஓரத்தைச் சமன் செய்வது, நல்ல ரீட் வால்வு, சரியான பிளக் டைமிங், தேயாத கிளட்ச், காற்று கசியாத சைலன்சர். ஆர்.சி.யில் எதுவும் மாறாது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த எஞ்சின் 11 குதிரையையும் முழுசாகத் தரும், உங்களுக்கு அதுவே புது வண்டியாகத் தெரியும். எக்ஸ்பான்ஷன் சைலன்சரை ரோட்டில் போடாதீர்கள். சத்தம், புகை விதி மீறலுக்கு 190(2) பிரிவில் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு. ஷிப்ட் வேலைக்கு வண்டியில் போகிறவருக்கு அபராதத்தை விட லைசென்ஸ்தான் வலிக்கும்.

அதற்குப் பிறகும் 18 குதிரை ஆசை போகவில்லையா? வேறு ஒரு கேஸை ஆர்.சி. நகலோடு வாங்கி, பதிவில்லாத டிராக் வண்டிக்குத் தனியாகக் கட்டுங்கள். கோவை செட்டிப்பாளையத்தில் காரி ஸ்பீடுவே இருக்கிறது, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் டிராக் இருக்கிறது. வண்டியை வேனில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும், ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

அப்பா சொன்னதில் 'தொடாதே' என்ற பாதியை மட்டும் தள்ளிவிடுங்கள். கம்பெனி அளவில் செய் என்ற பாதி சரி. எஞ்சினைப் பிரிக்கும் ஞாயிற்றுக்கிழமை அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆயில் பம்பு எப்போது தகராறு செய்தது, எந்த மெக்கானிக் கடைசியாகப் போர் செய்தார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பிரித்ததும் பிஸ்டனின் போட்டோ, இப்போதைய ஓவர்சைஸ், ராடின் பக்கவாட்டு ஆட்டம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். போர் எவ்வளவு போகலாம் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.